அண்டா அடித்த சனிக்கிழமை

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நீங்கள் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் கொடுத்த விண்ணப்பத்தை அவர் என்னிடம் படிக்கக் கொடுத்தார். ஓய்வு பெற்றவனுக்கு இப்படி ஓர் உபயோகம் உண்டு. பதில் எழுதச் சோம்பலாக இருக்கும் கடிதங்களை எல்லாம் அவன் தலையில் கட்டிவிடலாம்.

சாரல் காலத்து முதல் சனிக்கிழமை நம் மாணவர்கள் ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருக்கும்போது, யாராவது ஒருவர் சாப்பாட்டு அண்டாவைக் கரண்டியால் ஓங்கி ஓங்கி அடிப்பதும், அத்தனை பேரும் விழுந்தடித்துக் கரையேறுவதும், ஈரத்தோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போவதும் ராணுவ முறையில் நடக்கும் ஒரு பள்ளிக்கு அழகல்ல என்று எழுதியிருக்கிறீர்கள். விருந்தினர்கள் சிரிக்கிறார்களாம். காரணம் தெரியாத சடங்கை நிறுத்திவிட வேண்டுமாம்.

காரணம் யாருக்கும் தெரியாது என்பது சரியில்லை. எனக்குத் தெரியும். போர்க்களத்தில் எதிரி வருவதை அறிவிக்க அடித்த முரசின் ஞாபகம் அது என்று போன வருடம் ஒரு மாணவன் விருந்தினர் ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய கற்பனைக்குத் தமிழ்ப் பாடத்தில் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம். அது முரசு இல்லை. புளியோதரை அண்டா. அருவிக்கரையில் அதை இப்படி முதன்முதலில் அடித்தவன் நான்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் இங்கே தமிழாசிரியனாக வந்து சேர்ந்தபோது பள்ளிக்கு வயது மூன்று. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், வயலைப் பார்த்த ஒரு பழைய பங்களாவும் இரண்டு ஓட்டுக் கொட்டகைகளும்தான் மொத்தப் பள்ளி. மாணவர்கள் எண்பது பேர். சுற்று வட்டாரத்து நிலக்காரர்கள், வீட்டில் அடங்காத பிள்ளைகளைப் பட்டாளத்து அதிகாரியாக்கும் நம்பிக்கையில் கொண்டுவந்து தள்ளுவார்கள். "கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, பையனுக்குத் தெரியாமல் மாமரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

பள்ளியை நடத்தியவரை நாங்கள் மேஜர் என்று மட்டும் சொல்வோம். வீரகேரளம்புதூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் இருபது வருடம் இருந்தவர். வகுப்பில் ஆங்கிலம் பேசுவார், மைதானத்தில் இந்துஸ்தானி பேசுவார், மனம் தடுமாறினால் மட்டும் ஊர்ப்பேச்சு வரும். மூன்று வயதுப் பள்ளிக்கு நூறு வருடத்து மரபுகள் வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி சுலபமானது. ஒரு காரியம் ஒரு தடவை நடந்தால் அது தவறு, இரண்டு தடவை நடந்தால் அது மரபு என்பார். ஒரு மழை நாளில் கொடியைக் கம்பத்தில் ஏற்ற முடியாமல் சாப்பாட்டுக்கூடத்து உத்தரத்தில் கட்டினோம். அடுத்த மழைக்கும் அதே இடத்தில் கட்டினோம். மூன்றாம் மழைக்கு வேறு இடத்தில் கட்டிய ஆசிரியருக்கு மெமோ வந்தது.

எல்லாவற்றுக்கும் பியூகிள் என்ற பட்டாளத்து ஊதுகொம்பு உண்டு. எழ, படிக்க, விளையாட, விளக்கணைக்க. மேஜர் தலையை அசைத்தால் ஹவில்தார் ஊதுவார். வேறு யார் சொன்னாலும் ஊத மாட்டார். சாப்பாட்டுக்கு மட்டும் பியூகிள் கிடையாது. சமையல் பொறுப்பாளர் ஆவுடையப்பன் அண்ணாச்சி வைத்த சட்டம் அது. சோறு பதமானது தனக்குத்தான் தெரியும், ஹவில்தாருக்குத் தெரியாது என்று அவர் சாதித்துவிட்டார். இரும்புக் கரண்டியால் அண்டாவின் விளிம்பில் அடிப்பார். கடைசியாக வருகிறவனுக்கு அடிப்பிடித்த சோறு. இது யாரும் சொல்லிக்கொடுக்காத மரபு, ஆனால் பள்ளியிலேயே ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் சுந்தரபாண்டியபுரம். வேலை தற்காலிகம், ஒரு வருடத் தகுதிகாண் காலம். நிரந்தரமானால்தான் பள்ளி வளாகத்தில் குடியிருப்பு கிடைக்கும். அதுவரை மனைவி அவள் அப்பா வீட்டிலும், நான் எட்டாம் வகுப்புப் பையன்களோடு கொட்டகையிலும். ஞாயிற்றுக்கிழமை போனால் மாமனார் வாசலிலேயே கேட்பார்.

"மாப்ள, வேல நிரந்தரம் ஆயிட்டா?"

"இன்னும் இல்ல மாமா."

"அப்பம் இன்னும் அந்த அரைக்கால் சட்டதானா?"

தமிழாசிரியன் காக்கி அரைக்கால் சட்டை போடுவதை அவரால் கடைசிவரை ஏற்க முடியவில்லை. வேலை நிரந்தரமானால் முழுக்கால் சட்டை கொடுப்பார்கள் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார். மனைவி எதுவும் கேட்க மாட்டாள். பேருந்துக்குக் கிளம்பும்போது மட்டும், "ஒங்க மேஜர்ட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்" என்பாள். கேட்டால் வேலை போய்விடும் என்று அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தகுதிகாண் காலம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அந்தச் சனிக்கிழமை வந்தது.

சனிக்கிழமைதோறும் ஐந்தருவிக்கு நாலு மைல் அணிவகுத்துப் போய்க் குளிப்பது வழக்கம். அருவி இரைச்சலில் வாய்ப்பேச்சு கேட்காது என்பதால் சைகைகள் வைத்திருந்தோம். விசில் ஊதினால் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். பியூகிள் ஊதினால் வெளியே வர வேண்டும். மாணவர்களை நான்கு இல்லங்களாகப் பிரித்திருந்தோம், இல்லத்துக்கு அருவியின் ஒரு கிளை. முன்வரிசை நாற்பது பேர் முதலில் இறங்குவார்கள், பின்வரிசை நாற்பது பேர் கரையில் விறைப்பாக நிற்பார்கள். ஐந்தாவது கிளை ஆசிரியர்களுக்கு. மேஜர் பார்த்துக்கொண்டிருக்க, துண்டோடு போய் நிற்கும் துணிச்சல் எங்களில் ஒருவருக்கும் வந்ததில்லை.

அன்றைக்குப் பள்ளிக்கு அங்கீகாரம் கொடுக்கலாமா என்று பார்க்க மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். கோட்டும் குடையுமாக, சாரலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேஜர். அவருக்குப் பின்னால் பியூகிளோடு ஹவில்தார். விசில் பொறுப்பு டிரில் மாஸ்டருடையது. அவர் பொன்னுக்குவீங்கி கண்டு கன்னம் இரண்டும் ஊதிக் கிடந்தார். ஆள் இல்லாமல் விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

விசில் ஊதினேன். முன்வரிசை இறங்கியது. அருவிக்குக் கீழே நெஞ்சை நிமிர்த்தி, கையை விறைத்து நின்றார்கள். அருவியில் அப்படி யாரும் குளித்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதிகாரி மெச்சித் தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் ஆவுடையப்பன் அண்ணாச்சி பாறை ஓரமாக என் பக்கம் வந்தார். அவர் யாருக்கும் விறைப்பாக நிற்காதவர். என் காதுக்குள் வாயை வைத்துப் பேசினார்.

"வாத்தியாரையா, தண்ணியப் பாத்தீயளா?"

பார்த்தேன். மேலே வெள்ளையாக விழுந்த தண்ணீர் கீழே வரும்போது தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. கூடவே சருகும் சுள்ளியும்.

"மேல எங்கனயோ நல்லா ஊத்தியிருக்கு. இது ஆகாது. புள்ளையள ஏத்துங்க வெரசா."

நான் மேலகரத்தில் வளர்ந்தவன். சருகு வந்தால் ஓட வேண்டும் என்று எனக்கும் தெரியும். விசிலை எடுத்து, மூச்சு இருந்த மட்டும் ஊதினேன்.

விசில் என்றால் இறங்க வேண்டும். கரையில் நின்ற பின்வரிசை நாற்பது பேரும் இடது காலை எடுத்து வைத்து, தாளம் தப்பாமல் தண்ணீருக்குள் இறங்கினார்கள்.

முன்வரிசை வெளியே வரவில்லை, பியூகிள் ஊதவில்லையே. இப்போது எண்பது பேர் அருவிக்குள். நான் கையை ஆட்டினேன், கத்தினேன். என் வகுப்பில் படிக்கிற பையன்கள் என்னைப் பார்த்தபடியே அசையாமல் நின்றார்கள். ஒருவன் மட்டும், நான் கையை ஆட்டுவது புது அணிவகுப்பு முறையோ என்று நினைத்துத் திருப்பிக் கையை ஆட்டினான். அவ்வளவு அருமையாகப் பழக்கி வைத்திருந்தோம்.

ஹவில்தாரிடம் ஓடினேன். "ஊதுங்க, வெள்ளம் வருது" என்றேன்.

"மேஜர் சாப் தலய அசைக்கணும்" என்றார். முகத்தில் கலவரம் இருந்தது, ஆனால் பியூகிள் இடுப்பை விட்டு அசையவில்லை.

மேஜர் அதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தார். விருந்தினரோடு மேஜர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. மூன்றடி தள்ளி விறைப்பாக நின்று, அவர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அதுவும் மரபு.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டிவிடத்தான் ஆசை. நான் போய் மூன்றடி தள்ளி விறைப்பாக நின்றேன். எண்பது பிள்ளைகள் தண்ணீரில், மேலே என்ன வருகிறது என்று தெரியாது. நான் குதிகால்களைச் சேர்த்து, கையை விறைத்து நின்றேன். பத்து எண்ணும் நேரம் இருக்கும். மேஜர் திரும்பவில்லை. அந்தப் பத்து எண்ணிக்கையில் நான் பிள்ளைகளை நினைத்தேன் என்று சொன்னால் பொய். குடியிருப்பை நினைத்தேன். மனைவி பேருந்து நிறுத்தத்தில் நிற்பதை நினைத்தேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசும்.

புளியோதரை வாசனை வந்தது. அதுதான் என்னைத் திருப்பியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். பாறைமேல் அண்டா இருந்தது, கரண்டி அதற்குள் இருந்தது. ஓடிப்போய்க் கரண்டியை உருவி, அண்டாவை அடித்தேன். விளிம்பில் நெளிசல் விழும்வரை அடித்தேன்.

விசிலுக்கும் கூச்சலுக்கும் அசையாத நாற்பதும் நாற்பதும் எண்பது பேரும் ஒரே பாய்ச்சலில் வந்தார்கள். வரிசையாவது இல்லமாவது. அருவி இரைச்சலுக்குள் அந்தச் சத்தம் அவர்களுக்கு எப்படிக் கேட்டது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அடிப்பிடித்த சோற்றைத் தின்றவன் காது அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. குறுக்கே அதிகாரியின் நாற்காலி இருந்தது. சிலர் அதைச் சுற்றி ஓடினார்கள், சிலர் தாண்டினார்கள். ஒருவன் அதிகாரியோடு சேர்ந்து விழுந்தான். குடை தண்ணீரோடு போயிற்று. கடைசிப் பையன் பாறையைத் தொட்டதும் ஆவுடையப்பன் அண்ணாச்சி தலைகளை எண்ணினார். எண்பது.

நான் கரண்டியும் கையுமாக அருவியைப் பார்த்தபடி நின்றேன். எல்லோரும் அருவியைப் பார்த்தார்கள்.

வெள்ளம் வரவில்லை.

கால் மணி நேரம் நின்றோம். சருகு குறைந்தது. சுள்ளி நின்றது. தண்ணீர் மறுபடி வெள்ளை வெளேரென்று, நான் ஏதோ பொய் சொல்லிவிட்டதைப் போல விழுந்தது. அதிகாரி எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"என்ன சார், வெள்ளம் எப்ப வரும்?"

பையன்கள் சிரித்தார்கள். அதிகாரி கோட்டைக் கழற்றிப் பாறையில் வைத்தார். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, நாங்கள் எவரும் போகத் துணியாத அந்த ஐந்தாவது கிளையில் அரை மணி நேரம் நிம்மதியாகக் குளித்தார். திரும்பி வந்து மூன்று தட்டுப் புளியோதரை சாப்பிட்டார். பிறகு அவர் அனுப்பிய அறிக்கையில், ஒழுங்கு போதாது, மாணவர்களின் பசி திருப்திகரமாக உள்ளது என்று இருந்ததாம். அங்கீகாரம் ஒரு வருடம் தள்ளிப்போனது. எனக்கு அண்டா வாத்தியார் என்ற பெயர் அந்தப் பகலிலேயே வந்துவிட்டது. அதற்கு மட்டும் தகுதிகாண் காலம் கிடையாது.

பள்ளிக்குத் திரும்பும் நாலு மைலும் மேஜர் என்னிடம் பேசவில்லை. ஐந்து மணிக்கு அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டே போனேன். என்னிடம் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி, கட்ட நேரம் ஆகவில்லை.

மூன்றடி தள்ளி விறைப்பாக நின்றேன்.

"உக்காரும்" என்றார் மேஜர். அந்த அறையில் ஆசிரியர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பார்வையாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். மேசைமேல் என் பணிக்கோப்பு இருந்தது.

"சருகு வந்தத நீரு எப்பம் பாத்தீரு?"

ஊர்ப்பேச்சு. எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"ஆவுடையப்பன் அண்ணாச்சி சொன்ன பெறவுதான் சார்."

"நான் அதுக்கு முந்தியே பாத்துட்டேன்."

அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மெட்ராஸ்காரன் பக்கத்துல இருக்கான். பியூகிள் ஊதச் சொல்லி, தண்ணி வராமப் போச்சுன்னா கேலியாப் போயிருமேன்னு நெனச்சேன். இன்னும் ஒரு நிமிசம் பாப்போம்னு இருந்தேன். நீரு வந்து நின்னதும் தெரியும். எதுக்கு வந்தீருன்னும் தெரியும். திரும்பல. எண்பது புள்ளையவே."

அவருடைய கை கோப்பின் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தது. சண்டையில் குண்டு பாய்ந்து நீளமாகத் தழும்பு விழுந்த கை அது. அவரைத் தேற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என்ன சொல்வது என்று தெரியாமல் உளறினேன்.

"தண்ணிதான் வரலையே சார்."

"வராததுனாலதான் நான் இங்கன உக்காந்து ஒம்மகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்."

அப்புறம் நானும் அந்தப் பத்து எண்ணிக்கையைப் பற்றிச் சொன்னேன். குடியிருப்பை நினைத்தபடி நின்றதையும் சொன்னேன். அதை அவரிடம் சொல்லாமல் எழுந்துபோக முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் கோபப்படவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. "சரி, போம்" என்றார். போம் என்றால் எங்கே, கொட்டகைக்கா, ஊருக்கா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொட்டகைக்கே போனேன். பத்து நாள் கழித்து எழுத்தர் வந்து, குடியிருப்பின் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மாமனார் வந்து பார்த்துவிட்டு, அரைக்கால் சட்டை மாறவில்லையே என்று மட்டும் குறைப்பட்டார்.

அடுத்த வருடம் சாரல் பிடித்தது. முதல் சனிக்கிழமை ஐந்தருவிக்குப் போனோம். விசில் டிரில் மாஸ்டரிடம் இருந்தது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக விழுந்துகொண்டிருந்தது. முன்வரிசை இறங்கி இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். மேஜர் எழுந்தார். ஹவில்தார் பியூகிளை வாயருகே கொண்டுபோனார். மேஜர் அவரைத் தாண்டிப் பாறைக்குப் போய், ஆவுடையப்பன் அண்ணாச்சியின் கையிலிருந்து கரண்டியை வாங்கி, அந்த நெளிசல் விழுந்த அண்டாவை அடித்தார். தண்ணீரில் நின்ற நாற்பது பேரும் கரைக்கு வந்து விழுந்தார்கள். மேஜர் கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கமாக வந்தார்.

"ரெண்டு தடவ ஆயிட்டுவே" என்றார்.

அன்று மாலை விதிப்புத்தகத்தில் புது விதி ஏறியது. அண்டாவை யாரும் அடிக்கலாம். சமையல்காரர் அடிக்கலாம், பெருக்குகிறவர் அடிக்கலாம், ஆறாம் வகுப்புப் பையன் அடிக்கலாம். அந்தச் சத்தம் பியூகிளுக்கு மேல். அடித்தவரிடம் காரணம் கேட்கக் கூடாது. முதல் சனிக்கிழமை யார் அடிப்பது என்று முன்கூட்டி யாருக்கும் சொல்லக் கூடாது. நீங்கள் பார்த்துக் கூச்சப்பட்டது இதைத்தான்.

இத்தனை வருடங்களில் ஒரு தடவைகூட அண்டா அடித்து வெள்ளம் வந்ததில்லை என்று விசாரித்து விண்ணப்பத்தில் சேர்த்திருக்கிறீர்கள். சரியாகத்தான் விசாரித்திருக்கிறீர்கள். சில வருடங்கள் நிஜமாகவே பயந்து அடித்தார்கள், அப்போதும் வரவில்லை. போன வருடம் அடித்தது பாத்திரம் கழுவ வந்திருக்கும் தற்காலிகப் பணியாளர் என்றும், விருந்தினர் முன் அனுமதியின்றி அப்படிச் செய்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்றும் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தியைப் படித்த பிறகுதான் நான் பேனாவை எடுத்தேன்.

நான் ஓய்வு பெற்ற நாளில் எழுத்தர் என் பணிக்கோப்பைக் கையெழுத்துக்காக என் முன்னால் வைத்தார். அதுவரை நான் அதைத் திறந்து பார்த்ததில்லை. புரட்டினேன். அந்தச் சாரல் காலத்துத் தாளில் மேஜர் தன் கையால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது இரண்டே வரி. தமிழில் சொல்கிறேன், அந்தத் தற்காலிகப் பணியாளரிடம் விளக்கம் கேட்டுத்தான் தீருவீர்கள் என்றால் அவருடைய கோப்பிலும் இதையே எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

"உத்தரவை மீறினார். நிரந்தரமாக்கலாம்."